முருகன் ஆர்ட்டிஸ்டுக்கு, ராகு காலம் டிசைனருக்கு

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், சின்ன வயதிலிருந்தே நன்றாக வரைவாள். "கிராஃபிக் டிசைனில் சேர்த்துவிடு, அதுவும் வரைகிற வேலைதானே" என்கிறான் என் தம்பி. கிராஃபிக் ஆர்ட்டிஸ்ட், கிராஃபிக் டிசைனர் இரண்டும் ஒன்றா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: ஒன்றில்லை. கோவில்பட்டிக்காரரிடம் இதை விளக்குவது சுலபம். உங்கள் ஊரில் இருந்து கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கின. அப்படி ஒரு காலண்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே முருகன், நடுவில் ஜவுளிக்கடை பெயர், கீழே தேதி. மயில் கழுத்துக்கு எந்த நீலம், முகத்தில் எவ்வளவு சிரிப்பு என்பதெல்லாம் ஆர்ட்டிஸ்ட் கையில். கடை பெயரை எந்த எழுத்தில் போடுவது, அடுப்படியில் நின்று பார்த்தாலும் தேதி தெரியுமா, ராகு காலத்தைக் கண் தேடாமல் எங்கே வைப்பது, இது டிசைனர் தலைவலி. முருகனை அவர் வரையவே வேண்டாம், வாங்கிப் போட்டுக்கொள்வார்.

ரூபாய் சின்னம் இன்னொரு உதாரணம். 2010-ல் மத்திய அரசு ஏற்ற அதை உருவாக்கிய உதயகுமார் நம் தமிழ்நாட்டுக்காரர்தான். கட்டடக்கலை படித்துவிட்டு மும்பை ஐஐடியில் வடிவமைப்புக்குப் போனவர். தேவநாகரி 'ர'வும் தண்டில்லாத ஆங்கில 'ஆர்' எழுத்தும் சேர்ந்த வடிவம், வரைய அரை நிமிடம் போதும். ஆனால் நாணயத்தில், கீபோர்டில், காய்கறிக்கடை அட்டையில் எல்லாம் குழப்பமில்லாமல் தெரிய வேண்டுமே, யோசனை அங்கேதான் செலவாகிறது.

இரண்டும் கைவந்தவர்கள் உண்டு. விகடனில் வரைந்து சிரிக்கவைத்த கோபுலு பிறகு விளம்பரத் துறைக்கும் போனார். நம்மூர் சின்ன அச்சகங்களில் ஒரே ஆள்தான் பிள்ளையாரும் வரைவார், கல்யாணப் பத்திரிகையும் கோப்பார். நானும் அப்படி ஓர் இடத்தில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவன்தான். மாப்பிள்ளை பெயரைத் தாளின் ஓரத்துக்கு ஒட்டி வைத்துவிட்டேன், கட்டிங்கில் முதல் எழுத்து போய்விட்டது. படம் என்னவோ அழகாகத்தான் இருந்தது!

சரி, மகள் விஷயம். அவள் வரைந்ததை ஒருவர் "இதைச் சின்னதாக்கி, என் கடை பெயரைப் பெரிதாக்கு" என்றால் என்ன செய்வாள் என்று கேட்டுப் பாருங்கள். கோபம் வந்தால் ஓவியம் பக்கம் போகட்டும், சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. "எவ்வளவு பெரிதாக, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டால் அவள் டிசைனர் ஜாதி. அப்படியானால் அகமதாபாத் என்ஐடியின் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) நுழைவுத் தேர்வும், ஐஐடிகளின் வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் தேர்வும் எழுதட்டும். யூசீட்டுக்கு பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் சரி, வரைந்து காட்டும் பகுதியும் அதில் உண்டு. அதனால் இத்தனை வருஷம் வரைந்தது வீண் போகாது என்று தம்பியிடமும் சொல்லிவிடுங்கள்.