பழைய கார் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும்போது மட்டும் ஏன் நடுங்குகிறது?

கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் வீதியில் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி 85ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும், 100இல் அடங்கிவிடும். இது பெரும்பாலும் வீல் பேலன்ஸ் கோளாறு. அதாவது டயரும் ரிம்மும் சேர்ந்த சக்கரத்தில் ஒரு பக்கம் சில கிராம் பாரம் கூடியிருப்பது.

90இல் ஒரு சிறிய காரின் சக்கரம் நொடிக்கு சுமார் 13 தடவை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பாரமான பக்கம் ஒரு உதை கொடுக்கும். சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பான சஸ்பென்ஷனுக்கும் இயல்பாக ஆடும் வேகம் ஒன்று உண்டு, இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில்தான் நடுக்கம் பெருகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் விரல் நுனியே போதும் இல்லையா, அதே கதை. பழைய காரில் சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களும் தேய்ந்திருந்தால் ஆட்டம் எளிதில் அடங்காது.

கராஜுக்குப் போகுமுன் கவனியுங்கள். ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம், சீட் ஆடினால் பெரும்பாலும் பின் சக்கரம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க். அப்புறம் ரிம்மின் உட்பக்கம் பாருங்கள்: காய்ந்த சேறு, அல்லது பாரத்தைச் சமன்செய்ய ஒட்டியிருந்த ஈயத்துண்டு கழன்றுபோன பசைத் தடம். டயர் ஓரம் புடைத்திருந்தால் அந்த டயரோடு அதிவேகப் பாதையில் ஏறவே வேண்டாம்.

பலர் உடனே வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, செய்யச் சொல்வார்கள். அது கார் ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் ஒருபக்கமாகத் தேய்வதற்கும்தான், இந்த நடுக்கத்துக்கு அல்ல.