சயாம் போனவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளாக இரண்டாம் உலகப் போர் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். நானும் என் அறை நண்பனும் போரின் போக்கை மாற்றிய பத்துப் போர்க்களங்கள் என்று ஒரு பட்டியல் போட்டோம். முதலிடம் ஸ்டாலின்கிராடுக்கா, மிட்வேக்கா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. உங்கள் கருத்து என்ன? டன்கிர்க்கில் ஹிட்லர் டாங்கிகளை நிறுத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிங்கப்பூரைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. ஒரே வாரத்தில் முடிந்த சண்டை அது. பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து நின்றதால் வந்த தோல்வி. பெரிய விளைவும் இல்லை. நான் சொல்வது சரிதானே?

பி.கு: என் அப்பத்தாவின் அப்பா மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பி வரவில்லையாம். அவருக்கும் போருக்கும் சம்பந்தமில்லை. மலாயா என்றதும் ஞாபகம் வந்தது, அதனால் எழுதினேன்.

கதிர்

அன்புள்ள கதிர்,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பின்குறிப்புதான். சில மாதங்களாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் மற்றதை முடித்துவிடுகிறேன்.

ஐரோப்பாவுக்கு ஸ்டாலின்கிராட், பசிபிக்குக்கு மிட்வே. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியாது. டன்கிர்க்கில் நடக்காததைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

சிங்கப்பூருக்கு வருவோம். அது ஒரு வாரச் சண்டை என்று எங்கே படித்தீர்கள்? 1941 டிசம்பர் 8 நள்ளிரவு கடந்ததும் மலாயாவின் வடகிழக்குக் கரையில், கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கினார்கள். பேர்ள் ஹார்பரில் முதல் குண்டு விழுவதற்கும் முன்னால். இரண்டே நாளில் குவாந்தான் அருகே இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை விமானங்கள் மூழ்கடித்தன. மேலே காவலுக்கு ஒரு விமானம்கூட இல்லாமல் வந்த கப்பல்கள். அப்புறம் ஜித்ரா, சிலிம் ஆறு, கோலாலம்பூர் என்று சைக்கிளிலும் டாங்கியிலும் தெற்கே இறங்கிக்கொண்டே வந்தார்கள். 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நாளில், ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்து கையெழுத்துப் போட்டபோது எழுபது நாள் ஆகியிருந்தது.

பீரங்கிக் கதையும் பாதிப் பொய். பெரிய பீரங்கிகளில் பல நிலத்தின் பக்கமும் திரும்பக்கூடியவை. அவற்றுக்கு இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலைத் துளைப்பதற்கானவை, காலாட்படைமீது அவற்றால் அதிகப் பயனில்லை. தீவு விழுந்ததற்குக் காரணம் வானத்தையும் வடக்கையும் சரியாகக் காக்காமல் விட்டது. கடைசியில் தண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தது. ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடமும் குண்டுகள் தீரும் நிலைதான், அது பெர்சிவலுக்குத் தெரியாது. சரி, இதெல்லாம் நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

‘பெரிய விளைவும் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

ஜப்பான் ஏன் மலாயாவுக்கு வந்தது? 1941 கோடையில் அமெரிக்காவும் பிரிட்டனும் டச்சுக்காரர்களும் அதற்கு எண்ணெயை நிறுத்தினார்கள். எண்ணெய் டச்சு இந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில் இருந்தது. அங்கே போகும் வழியை மறித்துக்கொண்டு சிங்கப்பூர் நின்றது. மலாயாவில் ரப்பரும் தகரமும் வேறு கிடந்தன. அந்த ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். சிங்கப்பூர் விழுந்த மூன்றே வாரத்தில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. வங்காளக் கரையோரத்தில் எதிரி கைக்குப் போய்விடக் கூடாதென்று அரசே படகுகளையும் நெல்லையும் அப்புறப்படுத்தியது. அடுத்த ஆண்டு வங்காளத்தில் பஞ்சத்தில் செத்தவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் பேர். இந்தப் பஞ்சத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் உங்கள் ‘ஒரு வாரச் சண்டை’யும் அவற்றில் ஒன்று.

மலாயாவில் என்ன நடந்தது? ரப்பரை வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் படுத்துவிட்டன. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சாமான் போக வேண்டும், சிங்கப்பூரிலிருந்து ரங்கூனுக்குக் கடல்வழியோ நீர்மூழ்கிகளால் ஆபத்து. 1942 ஜூனில் நீங்கள் கொண்டாடும் மிட்வேயில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்த பிறகு கடலை நம்பியிருப்பது இன்னும் கஷ்டமாயிற்று. அதே மாதம்தான் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு மலைக்காட்டுக்குள் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட உத்தரவு. மிட்வேயை உங்கள் பட்டியலில் வைத்த கையோடு இதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். மலாயாத் தாத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வலது முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சதையே இருக்காது. தோல் மட்டும் எலும்போடு ஒட்டிப் பளபளவென்று மின்னும். மூங்கில் கீறியதுதானாம். கீறல் புண்ணாகி, புண் எலும்புவரை தின்றிருக்கிறது. நான் விரல் வைத்துத் தொட்டுப் பார்ப்பேன், ஒன்றும் சொல்ல மாட்டார். அவருடைய தகரப் பெட்டியில் வாழைமரப் படம் போட்ட ஜப்பான்காரன் காலத்துப் பத்து வெள்ளி (மலாயா டாலர்) நோட்டு ஒன்று இருந்தது. சயாமில் வாங்கிய சம்பளத்தில் மிச்சம் அது. போர் முடிந்த அன்றே அது வெறும் காகிதமாகிவிட்டது.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சோறு உண்டு என்று சொல்லித்தான் அந்தப் பாதை போட முதலில் ஆள் எடுத்தார்களாம். போனவர்கள் திரும்பாததைப் பார்த்து அடுத்து யாரும் போகவில்லை. அப்புறம் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். தாத்தா அப்படி ஏறியவர். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. “விடிஞ்சு எழுந்தா ரெண்டு பக்கமும் படுத்திருந்தவன் எழுந்திருக்க மாட்டான் தம்பி” என்பார்.

தினமும் இரவு திண்ணையில் படுத்துக்கொண்டு அவர் முணுமுணுப்பார். நாங்கள் ஏதோ சாமி பாட்டு என்று நினைத்தோம். ஒருநாள் பக்கத்தில் படுத்துக் கேட்டேன். பெயர்கள். பெயர், தோட்டம், சொந்த ஊர். அவரோடு அந்த ஒரு லாரியில் ஏறியவர்கள். எத்தனை பேர் என்றேன். நாற்பத்தொன்று, என்னைச் சேர்த்து என்றார். திரும்பியவர்கள்? விரலை மடக்கி நான்கு என்று காட்டினார். எதற்குத் தினமும் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “வேற யாருகிட்ட இருக்கு இந்தப் பேரு?” என்றார்.

பத்து ஆண்டுகளுக்கு முன், தாய்லாந்தில் அந்தப் பாதை போகும் காஞ்சனபுரிக்குப் போனேன். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே போர்க் கல்லறை இருக்கிறது. 5,000க்கும் மேற்பட்ட காமன்வெல்த் வீரர்கள், 1,800க்கும் மேற்பட்ட டச்சு வீரர்கள். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகக் கல், ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, வயது. சிலவற்றில் வீட்டார் எழுதித் தந்த ஒரு வரியும் இருந்தது. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு அவன் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நான் அழுதேன். அவர்களுக்கு அந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பாதையில் உழைத்த 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். அவர்களோடு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். உயிரைப் பணயம் வைத்து மூங்கில் குழாயிலும் மண்ணுக்குள்ளும் குறிப்புகளை ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தப் பட்டியல்களோடு ஒரு குழு பாதை நெடுகப் போய்ப் புதைகுழிகளைத் தேடிக் கண்டுபிடித்தது.

ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? ஒரு புத்தகம் 1,80,000 என்கிறது, இன்னொன்று இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்கிறது. இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்பார்கள். மலாயாவிலிருந்து மட்டும் ஏறக்குறைய 75,000 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். ‘இருக்கலாம்’, ‘ஏறக்குறைய’. கதிர், இந்த வார்த்தைகளைக் கவனியுங்கள். போர்க்கைதி செத்தால் எழுதி வைக்க ஒருவர் இருந்தார். நம்மவர்களுடைய முகாம்களில் பெரும்பாலும் பேனா வைத்திருந்தவரும் இல்லை, மருத்துவரும் இல்லை. ஒரு புத்தகத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எழுபதாயிரம் பேர் இருந்தார்களா இல்லையா என்றே தெரியவில்லை. போர் வரலாறு படிக்கிறேன் என்கிறவர் அந்த எழுபதாயிரத்தைத் தாண்டிப் போய் டாங்கிகளை எண்ணிக்கொண்டிருந்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

1943 அக்டோபரில் பாதை முடிந்தது. எந்தப் படைக்குச் சாமான் கொண்டு போக அதைப் போட்டார்களோ, அந்தப் படைதான் அடுத்த ஆண்டு இம்பாலுக்கும் கோஹிமாவுக்கும் மூன்று வார உணவோடு கிளம்பிப் போய், மழையில், பட்டினியிலும் நோயிலும் அழிந்தது. அந்தச் சிப்பாய்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். இந்திய தேசிய ராணுவம் பற்றி இங்கே நான் தொடவில்லை, அது தனியாக எழுத வேண்டியது.

மலாயாத் தாத்தா நான் கல்லூரியில் இருந்தபோது இறந்தார். அந்த நாற்பத்தொரு பெயரை நான் எழுதி வைக்கவில்லை. நோட்டும் பேனாவும் என் பையிலேயே இருந்த வயது அது. எத்தனையோ இரவு கேட்டிருக்கிறேன். இன்று எவ்வளவு முயன்றாலும் ஆறு பெயருக்கு மேல் வரவில்லை, அதிலும் இரண்டு எனக்குச் சந்தேகம். உங்கள்மேல் காட்டிய கோபத்தில் பாதி என்மேல் உள்ளது.

உங்கள் கொள்ளுத் தாத்தா சயாமுக்குத்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்திலேயே காய்ச்சலில் போயிருக்கலாம், அங்கேயே இன்னொரு குடும்பம் என்று இருந்திருக்கலாம். ஆனால் ‘போருக்கும் சம்பந்தமில்லை’ என்று கேட்காமலே எப்படி முடிவு செய்தீர்கள்? அப்பத்தா இருக்கிறார்களா? இருந்தால் இந்த வாரமே ஊருக்குப் போங்கள். அவர்கள் அம்மா சொல்லி ஞாபகம் இருப்பதை மெதுவாகக் கேளுங்கள், அழுதால் நிறுத்திவிட்டு மறுநாள் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணியோடு போனார், கூடப் போன ஊர்க்காரர்கள் யார், கடைசியாக மணியார்டர் வந்தது எந்த வருஷம், எந்த மாதம். 1942க்கு முன்பே நின்றதா, அதோடு நின்றதா என்பது முக்கியம்.

அவருடைய பெயரை உங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்