பாடத்தை வீட்டில் காணொளியாகப் பார்க்கச் சொல்லிவிட்டு வகுப்பில் கணக்கு மட்டும் போடவைப்பது சரியா?

கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் பெற்றோராக இருக்க வேண்டும். "சம்பளம் வாங்குபவர் பாடம் நடத்த வேண்டாமா" என்ற கோபம் கேள்விக்குள் தெரிகிறது. நான் இயற்பியல் ஆசிரியன். அந்தக் கோபத்தை நேரிலேயே வாங்கியிருக்கிறேன்.

ஒழுங்காக நடத்தினால் சரியே. மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், எவ்வளவு என்று ஒரு நாள் வகுப்பில் கேட்டேன். முந்தைய இரவே காணொளி பார்த்து, சூத்திரங்களை எழுதிக்கொண்டு வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பூஜ்யம் என்றார்கள். நான் விடை சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொன்னேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி, "வேகமும் பூஜ்யம், முடுக்கமும் பூஜ்யம் என்றால் பந்து அங்கேயே நின்றுவிட வேண்டுமே, ஏன் விழுகிறது?" என்று தோழனை மடக்கினாள். ஒவ்வொரு வினாடியும் வேகத்தை வினாடிக்கு 9.8 மீட்டர் மாற்றும் அந்தக் கீழ்நோக்கிய முடுக்கம் உச்சியிலும் மாறாது என்று வகுப்புக்கே விளக்கியவளும் அவள்தான். இந்தக் குழப்பம் தேர்வுத்தாளில் பெரும்பாலும் வெளிப்படாது. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நிர்வாகி ஒருவர் உள்ளே வந்து, பிள்ளைகள் முன்னிலையிலேயே "பாடம் நடக்கவில்லையா?" என்றார். நடந்துகொண்டிருந்தது பாடம்தான் ஐயா.

இது சோம்பேறிகள் கண்டுபிடித்த வழி என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களிலேயே, படித்துவிட்டு வரச்சொல்லி, வகுப்பு நேரத்தை மாணவர் விவாதத்துக்குக் கொடுத்தார். 2007இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர இயலாதவர்களுக்காகப் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். தலைகீழ் வகுப்பறை என்று அழைக்கப்படும் இந்த முறை பள்ளிகளில் பரவியது அதன் பிறகுதான். எல்லா வீட்டிலும் இணையம் இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் காணொளி கட்டாயமில்லை, அச்சிட்ட இரண்டு பக்கக் குறிப்பே போதும். பிள்ளைக்கே பிடிக்கவில்லை என்றாலும் உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஹார்வர்டு இயற்பியல் மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே விவாதித்துக் கற்றவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள்; சோதித்தபோது அவர்களே அதிகம் கற்றிருந்தார்கள்.

காணொளியை அனுப்பிவிட்டு ஆசிரியர் நாற்காலியை விட்டு எழவே இல்லை என்றால் உங்கள் கோபம் நியாயம். மேசை மேசையாகப் போய்ப் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கிறாரா என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்.

பத்து நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் போகிறது. அதற்கு நிர்வாகத்தினர் ஒரு பாடவேளைகூட ஒதுக்கமாட்டார்கள். ஒரே மாணவர் விவரத்தை வெவ்வேறு படிவங்களில் திரும்பத் திரும்ப நிரப்பச் சொல்லி எங்கள் ஓய்வு வேளைகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் ஒருவராவது கேளுங்கள். ஆசிரியர்கள் கேட்டால் வேலைக்கு அஞ்சுகிறார்கள் என்று எழுதிவிடுகிறார்கள்.