மழைநாள் வீடும் ஈரத் துணியும்: முதலில் ஹாலை மீட்டெடுங்கள்

கேள்வி: வேளச்சேரியில் இரண்டாவது மாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், 8 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமியார். வாரம் முழுக்க ஓட்டம். மழை பெய்யும் சனி, ஞாயிறில் வெளியே எங்கும் போகாமல் வீட்டிலேயே சுகமாக இருக்க வேண்டும் என்று ஆசை. நடப்பதோ வேறு. ஹாலை மறித்துக்கொண்டு ஈரத் துணி, வீடெல்லாம் ஈர வாடை, பிள்ளைகள் போனும் கையுமாக. சாயங்காலம் ஆவதற்குள் எல்லோருக்கும் எரிச்சல் வந்துவிடுகிறது. ஜன்னலை எல்லாம் மூடி வைத்தும் ஈரம் குறையவில்லை. என்னதான் செய்வது?

பதில்: மூடி வைத்ததால்தான் குறையவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ரகம்தான். எல்லோரும் செய்யும் தவறும் இதேதான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 5 கிலோ துணியை மெஷினில் நன்றாகச் சுழற்றி எடுத்த பிறகும் அதில் 2 லிட்டருக்கு மேல் தண்ணீர் தங்கியிருக்கும். துணி காய்கிறது என்றால் அந்த 2 லிட்டரும் உங்கள் ஹால் காற்றில் கலக்கிறது என்று அர்த்தம். அதோடு ஐந்து பேரின் மூச்சு, குளியலறை ஆவி, குக்கர் ஆவி. ஜன்னலும் மூடியிருந்தால் அவ்வளவும் போக வழியில்லாமல் சுவரிலும் மெத்தையிலும் பீரோவுக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்ளும்.

“வெளியேதான் கொட்டுகிறதே, திறந்தால் இன்னும் ஈரம் வராதா?” என்று கேட்பீர்கள். வராது. மழை நேரத்தில் வெளிக்காற்று 24 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிறது என்று வையுங்கள். அதே காற்று 28 டிகிரி இருக்கும் உங்கள் அறைக்குள் வந்து சூடானதும் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காற்று சூடானால் இன்னும் கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும், அவ்வளவுதான் சூட்சுமம். ஈரத் துணி தொங்கும் மூடிய அறையில் 90-ஐத் தாண்டிக்கூடப் போகும். ஆக, கொட்டும் மழையிலும் வெளிக்காற்றுதான் உங்களுக்கு நல்லது. சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலை நான்கு விரல் அளவு திறந்தால் போதும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை நான், பட்டுத் தெரிந்துகொண்டவள். புது வீட்டுக்குப் போன முதல் நவம்பரில் மூன்று நாள் எல்லாவற்றையும் இழுத்து மூடினேன். வெளிச்சுவரை ஒட்டி நின்ற பீரோவில், கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பு ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அதற்குப் பிறகு எந்த பீரோவையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போட நான் விட்டதில்லை. நான்கு விரல் இடைவெளி வேண்டும்.

சரி, இனி வேலை. வீட்டில் சின்ன அறை எதுவோ அதை இந்த இரண்டு நாளுக்குத் துணி அறை ஆக்கிவிடுங்கள். ஹாலில் ஒரு கைக்குட்டைகூடத் தொங்கக் கூடாது. துணி அறையில் ஜன்னல் லேசாகத் திறந்திருக்கட்டும், ஃபேன் முழு வேகத்தில் சுற்றட்டும், ஹால் பக்கக் கதவு சாத்தியே இருக்கட்டும். துணிக்கும் துணிக்கும் இடையே ஒரு கை நுழைகிற அளவு இடம் விடுங்கள். நெருக்கிப் போட்ட பத்துத் துணியைவிடத் தள்ளிப் போட்ட ஆறு துணி சீக்கிரம் காயும். சட்டையை ஹேங்கரில் மாட்டுங்கள். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடுங்கள், பாக்கெட் துணிதான் கடைசிவரை காயாமல் நாறும். மெஷினிலிருந்து எடுக்கும் முன் இன்னொரு தடவை ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் மிச்சமாகும் நேரம் அதிகம். அந்த அறையில் ஏசி இருந்தால் ஜன்னலை மூடிவிட்டு ‘ட்ரை’ மோடில் போடலாம்.

துணி நாறுவதற்குக் காரணம் ஈரத்தில் பெருகும் பாக்டீரியா. காய எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நாற்றம். அதனால் பாதி காய்ந்ததை இஸ்திரி போட்டு முடித்துவிடுங்கள். திங்கட்கிழமை யூனிஃபார்ம், உள்ளாடை, துண்டு இவற்றை மட்டும் துவையுங்கள். பெட்ஷீட் அடுத்த வெயிலுக்குக் காத்திருக்கட்டும், ஒன்றும் குடி முழுகிவிடாது.

மாமியார் சாம்பிராணி போடச் சொல்வார். போடுங்கள், மணமாக இருக்கும். ஆனால் அது ஈரத்தைப் போக்காது, வாடையை மறைக்கும். ஒரே ஒரு நிபந்தனை: கரி நெருப்போடு கூடிய தூபக்காலை மூடிய அறையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, ஆளைக் கொல்லும். அப்புறம், ஈரம் கசிந்திருக்கும் சுவரில் சுவிட்ச்போர்டு இருந்தால் அதைத் தொடாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

ஹால் காலியாகிவிட்டதா? இப்போது பஜ்ஜி. துணி அறைக் கதவைச் சாத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரத் துணி எண்ணெய் வாடையை அப்படியே பிடித்துக்கொள்ளும், திங்கட்கிழமை பிள்ளை வாழைக்காய் மணத்தோடு பள்ளிக்கூடம் போவான். ஒரு கப் கடலை மாவுக்கு இரண்டு ஸ்பூன் அரிசி மாவு, காய்ந்த எண்ணெயிலிருந்தே ஒரு ஸ்பூன். சோடா உப்பு வேண்டாம், எண்ணெய் குடிக்கும். ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலே வர வேண்டும். எடுத்த பஜ்ஜியை ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால் அதன் ஆவியிலேயே நமுத்துவிடும். கண் வைத்த வடிதட்டில் பரப்பி உடனே பரிமாறுங்கள். சுடுபவர் தவிர மற்றவர்கள் தின்றுகொண்டே இருப்பார்கள் என்பதால், இரண்டாவது ஈடு கணவருடையது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் போனைப் பிடுங்கச் சொல்லமாட்டேன், பிடுங்கினால் மழையைவிடச் சத்தம் வரும். மாமியாரிடம் தாயக்கட்டம் போடச் சொல்லுங்கள். கட்டை இல்லையென்றால் நான்கு புளியங்கொட்டை போதும். ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். அதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். உங்கள் டைல்ஸ் தரையில் தேயாது, மாடிப்படி ஓரத்துச் சிமெண்டில்தான் தேயும். அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்று பாட்டி சொல்லும்போது பெரியவன் சட்டம் பேச ஆரம்பிப்பான். நீங்கள் நடுவில் போகாதீர்கள்.