ஓணான் வேற, பச்சோந்தி வேற!

கேள்வி: வேலியில உட்கார்ந்திருக்கற ஓணானோட கழுத்து திடீர்னு ரத்தச் சிவப்பா மாறுது, அப்போ அதுவும் பச்சோந்திதானே? அதோட அறிவியல் பேருக்குப் பின்னாடி டோடான், 1802-னு அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்காங்களே, அது எதுக்கு?

பதில்: இல்லீங்க, நிறம் மாறுறத மட்டும் வச்சு பச்சோந்தினு சொல்லிட முடியாது. காலைப் பாருங்க, ஓணானுக்கு விரலெல்லாம் தனித்தனியா, மெலிசா, கூரான நகத்தோட இருக்கும், அதான் சரசரன்னு மரத்துல ஏறிடுது. பச்சோந்திக்கு விரலுங்க ரெண்டு கட்டா சேர்ந்து இடுக்கி மாதிரி கிளையப் பிடிக்கும், கண்ணு ரெண்டும் தனித்தனியா சுத்தும், வால் சுருண்டுக்கும். ஓணான் வால் சுருளாது, உடம்பவிட நீளமா கயிறு மாதிரி தொங்கும்.

ஆனா சொந்தம் உண்டு. ரெண்டுக்குமே பல்லு குழிக்குள்ள இறங்காம தாடை விளிம்பு மேலயே ஒட்டியிருக்கும். ஓணான் அகாமிடே குடும்பம், பச்சோந்தி கமேலியோனிடே குடும்பம், பங்காளி வீடுனு வச்சுக்கோங்க.

அந்தச் சிவப்பு இனப்பெருக்க சமயத்துல ஆணுக்கு வர்றது. தண்டால் எடுக்கற மாதிரி மேலயும் கீழயும் அசைஞ்சு, தொண்டைய உப்பிக்கிட்டு, இது என் இடம்னு இன்னொரு ஆணுக்குக் காட்டுது, சண்டையில தோத்துட்டா அந்தச் சிவப்பும் மங்கிடும். ரத்தம் உறிஞ்சுதுனு நெனச்சு கல்லால அடிக்கறாங்க பாருங்க, அதக் கேட்டாலே மனசு கஷ்டமாயிடும், அது திங்கறது பெரும்பாலும் பூச்சிதாங்க, யார் ரத்தத்தையும் உறிஞ்சுறதில்ல.

இப்போ பேருக்கு வருவோம். காலோடெஸ் வெர்சிகலர், இதுல வெர்சிகலர்னா பல நிறம் காட்டுறதுனு லத்தீன்ல அர்த்தம். பேரு வச்சவரு பிரான்ஸ் நாட்டு டோடான், சின்ன வயசுலயே நோய் வந்து கால் ரெண்டும் செயல்படாம போனவரு, அப்படியிருந்தும் ஊர்வன பத்தி பல தொகுதி எழுதிட்டு 1803-ல, முப்பது வயசுகூட ஆகாம இறந்துட்டாரு. அவரு வச்சது அகாமா வெர்சிகலர். பின்னாடி வந்தவங்க அத அகாமாவுலேருந்து காலோடெஸ் பேரினத்துக்கு மாத்தினாங்க (பேரினம்னா நெருங்கின சொந்தமுள்ள இனங்களோட கூட்டம், அறிவியல் பேருல முதல் வார்த்தை அதான்). அப்படிப் பேரினம் மாறினா முதல்ல பேரு வச்சவர் பேரையும் வருஷத்தையும் அடைப்புக்குறிக்குள்ள போடணும்ங்கறது விலங்கியல் விதி, மாறலேனா அடைப்புக்குறி கிடையாது. இத்தனூண்டு குறி, அதுக்குள்ள எவ்வளவு விஷயம் பாருங்க!

இன்னும் ஒண்ணு. பாகிஸ்தான்லேருந்து தென்கிழக்கு ஆசியா வரைக்கும் எல்லாம் ஒரே ஓணான்னுதான் ரொம்ப நாளா எழுதிக்கிட்டிருந்தாங்க. 2021-ல மரபணுவையும் உடம்பு அளவுகளையும் சேர்த்துப் பாத்ததுல அது பல இனம்னு தெரிஞ்சுது. பாகிஸ்தான் பக்கம் காலோடெஸ் ஃபரூக்கி, வடகிழக்கு இந்தியாவுல காலோடெஸ் இரவாடி, கங்கைச் சமவெளியோட கிழக்குப் பக்கம் இருக்கறதுக்கு 1825-ல ஹார்லன்ங்கற அமெரிக்க இயற்கையியலாளர் வச்சு, அப்புறம் யாரும் கண்டுக்காம விட்ட வல்டுவோசஸ்ங்கற பேரையே தூசி தட்டி எடுத்துக் குடுத்தாங்க. வெர்சிகலர்ங்கற பேரு தென்னிந்திய ஓணான்கிட்டயே தங்கிடுச்சு.