ஒரு பேச்சு, பல வாய்கள்: குழு விளக்கவுரை பற்றிய கேள்வி பதில்

பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தென்னை நார் ஆலைக்காரர்கள் சிலர், அடுத்த மாதம் எறணாகுளத்தில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரிகள் முன்பு கூட்டாக விளக்கவுரை அளிக்கவிருக்கிறார்கள். அதையொட்டி எழுந்த கேள்விகளுக்குப் பதில் எழுதும்படி என்னைக் கேட்டார்கள். கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் விற்பனைப் பிரிவில் இருந்து, இத்தகைய அறைகளில் மேசையின் இரு பக்கங்களிலும் உட்கார்ந்தவன் என்ற தகுதியில் மட்டுமே எழுதுகிறேன்.

கேள்வி (கோபாலபுரம், ஆலைக் கூட்டாளி): நாங்கள் ஆறு பேர். அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஆறு பேருமே பேச வேண்டும் என்கிறார்கள். எப்படிப் பிரிப்பது, அண்ணா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது நிமிடத்தில் கேள்விகளுக்கென்று பத்து நிமிடம் விட்டாக வேண்டும். ஆறு பேர் பேசினால் ஐந்து முறை ஆள் மாற வேண்டும். எழுந்து வருவது, மைக்கைச் சரிசெய்வது, மறுபடியும் வணக்கம் சொல்வது என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நிமிடம் கரைந்துவிடும். மிஞ்சுகிற பதினைந்து நிமிடத்தை ஆறால் வகுத்தால் ஆளுக்கு இரண்டரை நிமிடம். அதற்குள் எவராலும் எதையும் சொல்லி முடிக்க முடியாது. ஆகவே மூன்று பேர் பேசுங்கள். ஆலையையும் உற்பத்தித் திறனையும் ஒருவர், தரத்தையும் சோதனை முடிவுகளையும் ஒருவர், விலையையும் சரக்கு அனுப்பும் தேதிகளையும் ஒருவர். மற்ற மூவரில் ஒருவர் லேப்டாப்பைக் கவனிக்கட்டும், ஒருவர் அவர்கள் கேட்பதை எழுதிக்கொள்ளட்டும், ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும்.

கயிற்றுத் தொழிலில் இருக்கும் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு சோதனை உண்டு. ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து அளந்து, 1913இல் முடிவை வெளியிட்டார். ஆட்கள் கூடக்கூட, ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்துகொண்டே போனது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவர்களை நாம் பார்த்ததில்லையா? ஆறு பேர் தயாரித்த விளக்கவுரையிலும் அப்படி இருவராவது இருப்பார்கள். எந்த ஸ்லைடுக்கு எவர் பொறுப்பு என்று பெயர் எழுதி வைத்தால் அது குறையும்.

இதைவிட முக்கியமானது, ஆள் மாறும் இடம். தன் முறை வருவதற்குச் சற்று முன்பு பேசியவர் சொன்னது மனிதருக்கு நினைவில் நிற்பதில்லை என்று பிரென்னர் என்ற ஆய்வாளர் 1973இல் காட்டினார். அடுத்துப் பேசப்போகிறவர் மனத்துக்குள் தன் பேச்சை ஓட்டிக்கொண்டிருப்பார். முன்னவர் சொன்னதை அவர் கேட்பதே இல்லை. அதனால்தான் குழுவாகப் பேசும்போது ஒரே செய்தி இருமுறை வருகிறது, அல்லது ஒருவர் சொன்ன எண்ணுக்கு மாறாக அடுத்தவர் சொல்கிறார். இதற்கு மருந்து, ஒவ்வொருவரும் தம் கடைசி வாக்கியத்தையும் அடுத்தவரின் முதல் வாக்கியத்தையும் சேர்த்துப் பயிற்சி செய்வதுதான்.

ஓர் எச்சரிக்கை: முதல்நாள் இரவு ஸ்லைடு கோப்பைத் தொடாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு டன் விலையை மட்டும் மாற்றினார். மறுநாள் பேசியவர் வாயில் பழைய விலை, திரையில் புதிய விலை. வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டே, "இரண்டில் குறைந்ததை எழுதிக்கொள்கிறேன்" என்றார். அப்படியே எழுதியும் கொண்டார்.

கேள்வி (பொள்ளாச்சி): எத்தனை ஸ்லைடு போட வேண்டும்?

இருபது நிமிடப் பேச்சுக்குப் பத்து ஸ்லைடு போதும். ஆனால் எண்ணிக்கையைவிட, முக்கியச் செய்தி எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் இறந்த கொலம்பியா விண்கல விபத்து 2003 பிப்ரவரி 1ஆம் தேதி நடந்தது. விண்கலம் வானில் இருந்தபோதே பொறியாளர்கள் தயாரித்த ஒரு பவர்பாயிண்ட் ஸ்லைடை விசாரணைக் குழு தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியது. சோதனையில் பயன்பட்ட நுரைத் துண்டு 3 கன அங்குலம், விண்கலத்தின் மீது உண்மையில் மோதியதாகக் கருதப்பட்ட நுரைத் துண்டு 1920 கன அங்குலம் என்ற செய்தி அந்த ஸ்லைடின் கடைசி வரியில், உள்தள்ளி, ஒடுங்கிக் கிடந்தது. தலைப்போ தைரியம் சொல்லிக்கொண்டிருந்தது. தென்னை நார்த்தூளை அழுத்திச் செய்த உங்கள் கட்டிகளின் மின்கடத்துதிறன் அளவை, அதாவது உப்பு எவ்வளவு என்று காட்டுவதால் வாங்குபவர் முதலில் தேடும் அந்த இசி எண்ணை, மூலையில் பொடி எழுத்தில் போடாதீர்கள்.

கேள்வி (ஆனைமலை): எங்கள் முதல் மூன்று ஸ்லைடுகள் தென்னையின் வரலாறும் பயன்களும். சரிதானே?

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறீர்கள். 1859இலேயே ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கிய மாநிலம் அது. கயிறு வாரியத்தின் தலைமையகமே எறணாகுளத்தில் இருக்கிறது. மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (உடுமலை): வீட்டுக் கணினியில் தமிழ் நன்றாகத் தெரிகிறது. வெளியே போட்டால் எல்லாம் குப்பையாக வருகிறது. ஏன்?

நீங்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நாம் இன்னும் பாமினியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு, சேமிக்கும் அமைப்புகளில் எழுத்துருவைக் கோப்புடனே சேர்த்துவைக்கும் வசதி இருக்கிறது, அதைத் தேர்வு செய்யுங்கள். கூடவே ஒரு பிடிஎஃப் நகலையும் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். இவை யாவும் இரண்டு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். முதல்நாள் இரவு அல்ல.

கேள்வி (கிணத்துக்கடவு): பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொல் வெறும் 7 சதவீதம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள்.

அது உண்மையானால் எறணாகுளத்தில் விலையைக் கையை ஆட்டியே சொல்லிவிடலாம். அந்தக் கணக்குக்கு மூலமான, உளவியலாளர் மெஹ்ராபியன் 1967இல் செய்த சோதனைகள், தனித்தனிச் சொற்களைச் சொல்லும்போது விருப்பு வெறுப்பு எதிலிருந்து தெரிகிறது என்பதைப் பற்றியவை. வணிகப் பேச்சுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி (நெகமம்): ஸ்லைடில் ஜிஎஸ்டி விவரம் எப்படிக் காட்டுவது?

உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (சூலூர்): மொத்தம் எத்தனை ஸ்லைடு இருக்கலாம்?

பத்து. பொள்ளாச்சி நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (வேலந்தாவளம்): எந்த மொழியில் பேசுவது?

ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், ஏனெனில் அது அவர்கள் அலுவலகத்தில் கை மாறிச் செல்லும். பேச்சு, மூவருக்கும் தடையின்றி வருகிற ஒரே மொழியில் இருக்கட்டும். ஒருவர் ஆங்கிலம், ஒருவர் தமிழ், ஒருவர் மலையாளம் என்று பேசினால், மூன்று ஆலைகள் தனித்தனியாக வந்தது போலத் தோன்றும்.

மறுப்பு (பொள்ளாச்சி): தமிழிலேயே பேசலாம். அவர்களுக்கு நம் மொழி நன்றாகவே புரியும்.

விலை, லாபம், நஷ்டம் புரியும். நாரைப் பிரித்தபின் மிஞ்சும் தூளை "நார்க்கழிவு" என்று நீங்கள் சொன்னால் புரியுமா? அவர்கள் அதைச் சகிரிச்சோறு என்பார்கள். தவிர, தமிழிலேயே அந்தச் சொல் எனக்கு உறுத்தல். கழிவு என்றால் குப்பை, கழிவு என்றால் தள்ளுபடியும்கூட. "கழிவு 5 சதவீதம்" என்று எழுதிய ஒரு விலைப்பட்டியலால் அரைமணி நேரம் வீணானதைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்க வந்தவரிடம் நம் பொருளை நாமே கழிவு என்று அழைக்க வேண்டுமா? பித் என்றே சொல்லுங்கள், இரு பக்கமும் புழங்குகிற சொல் அது.

மறுப்பு (கொழிஞ்சாம்பாறை): நாங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்தாலும் பிறந்து வளர்ந்தது கேரளத்தில். எங்கள் மலையாளத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள், அண்ணா.

குறைத்து மதிப்பிடவில்லை, உங்களில் ஒருவர்தான் கேள்வி நேரத்தில் முன்னால் உட்கார வேண்டும் என்பது என் கருத்து. நான் அஞ்சுவது, எல்லையைத் தாண்டிவரும் எங்களைப் போன்றவர்களின் அரைகுறை மலையாளத்துக்குத்தான். நான் உடுமலையிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு வந்த முதல் வருடம், ஒரு வாடிக்கையாளர் "நல்லொரு அவசரமாணு" என்றார். நல்ல வாய்ப்பு என்று அவர் சொன்னதை, அவருக்குச் சரக்கு அவசரமாக வேண்டும் என்று புரிந்துகொண்டு, வண்டி வாடகையை நாங்களே ஏற்று மறுநாளே அனுப்புவதாகச் சொல்லிவிட்டேன். மேலாளர் என்னைத் திட்டியதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுப்பு (பொள்ளாச்சி, மீண்டும்): அப்படியானால் ஆங்கிலமே வழி என்கிறீர்களா? எங்கள் ஆலைப் பொறுப்பாளருக்கு ஆங்கிலம் தடுமாறும்.

இல்லை. அவர் தமிழில் பேசட்டும், கொழிஞ்சாம்பாறைக்காரர் பக்கத்தில் நின்று மலையாளத்தில் சொல்லட்டும்; ஆனால் நேரம் இரட்டிப்பாகும் என்பதால் அவர் பகுதியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இருபது தொழிற்சொற்களுக்கு மும்மொழிப் பட்டியல் ஒன்றை இப்போதே எழுதி, மூவரும் அதே சொற்களையே பயன்படுத்துங்கள். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (பல்லடம்): ஸ்லைடு எண்ணிக்கைக்கு ஏதாவது விதி இருக்கிறதா?

மேலே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. கணக்கு எதுவானாலும், முதல்நாள் இரவு பதினோராவதைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி (மீனாட்சிபுரம், மகளிர் சுயஉதவிக் குழு): நாங்கள் நால்வர், கயிறு திரிக்கும் இயந்திரத்துக்காக வங்கி மேலாளரைப் பார்க்கப் போகிறோம். எங்களில் நன்றாகக் கயிறு திரிப்பவருக்குப் பேசவே பயம். அவரை விட்டுவிட்டுப் போகலாமா?

அவரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள், அம்மா. கடன் விதிமுறைகள் எனக்குத் தெரிந்த துறை அல்ல; அவற்றை வங்கியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சைப் பொறுத்தவரை, அவருக்கு விளக்கவுரையில் பங்கு கொடுக்காமல் பொருளைப் பற்றிய கேள்விகளை மட்டும் ஒப்படையுங்கள். தலைவி கேள்வியை வாங்கி, பெயர் சொல்லி அவரிடம் திருப்பிவிட வேண்டும்; நால்வரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லக் கூடாது. வீட்டில் மூன்று முறை நின்றுகொண்டு உரக்கப் பேசிப் பாருங்கள், அதில் ஒரு முறையாவது குறுக்குக் கேள்வி கேட்கத் தயங்காத ஓர் உறவினரை எதிரே உட்கார வையுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், முதல் இரண்டு வாக்கியங்கள் போதும். தெரியாததைக் கேட்டால், எழுதிக்கொண்டு, எந்த நாளுக்குள் பதில் தருவீர்கள் என்று சொல்லுங்கள். அவர் கையில் தான் திரித்த கயிறு ஒரு முழம் இருக்கட்டும். அதை மேலாளரிடம் கொடுத்த பிறகு, அவர் இழுத்துப் பார்த்து முடிக்கும் வரை நால்வரும் ஒன்றும் பேசாதீர்கள்.