அடுத்தவனைத் தண்டிக்க ஒரு தெய்வம்

கேள்வி: கிரேக்கர்கள் நாணம், நீதி என்று ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பெண் தெய்வத்தை வைத்துக் கும்பிட்டார்களாமே! எவ்வளவு யோக்கியமாக வாழ்ந்திருப்பார்கள்?

பதில்: கும்பிட்டார்கள், சரி. யோக்கியமாக வாழ்ந்தார்கள் என்று யார் சொன்னது?

நாணத்தின் தெய்வம் அய்டோஸ், வரம்பு மீறியவனைத் தண்டிப்பவள் நெமெசிஸ். கி.மு. 700 வாக்கில் இவர்களைப் பாடிய கிரேக்கக் கவிஞர் ஹெஸியாட் அப்போது சொத்துத் தகராறில் இருந்தார். உடன்பிறந்தவன் பெர்ஸெஸ், தீர்ப்புச் சொல்லும் பிரபுக்களைக் குளிரவைத்துப் பங்குக்கு மேலேயே அள்ளிக்கொண்டான். அந்த வயிற்றெரிச்சலில்தான், இந்த இரண்டு தெய்வங்களும் ஒருநாள் வெள்ளை ஆடையால் உடம்பைப் போர்த்திக்கொண்டு மனிதர்களைக் கைவிட்டு தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் மலைக்கே போய்விடும் என்று எழுதி வைத்தார். பக்தர் வாயிலிருந்து வருகிற பேச்சா இது?

அடுத்தவன் ஆணவத்துக்கு அடி விழும்போது மட்டும் நெமெசிஸ் மேல் கிரேக்கர்களுக்குப் பக்தி பொங்கும். கி.மு. 490-ல் ஏதென்ஸ் பக்கம் மாரத்தான் என்ற ஊருக்குப் படையெடுத்து வந்த பாரசீகர்கள், ஜெயிப்பது உறுதி என்று வெற்றிச் சின்னம் செதுக்கப் பளிங்குக் கல்லையும் கையோடு கொண்டுவந்தார்களாம், அவர்கள் தோற்று ஓடியதும் அந்தக் கல்லிலேயே கிரேக்கர்கள் நெமெசிஸ் சிலையைச் செதுக்கி ராம்னூஸ் என்ற ஊரில் வைத்தார்கள் என்று பிற்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றி எழுதிய பௌசானியஸ் சொல்கிறார். கதையோ நிஜமோ, நல்ல குசும்பு.

அதற்குப் பத்தே வருடம் கழித்து, சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்களை ஜெயித்த கையோடு ஏதென்ஸின் தளபதி தெமிஸ்டாக்ளீஸ் கப்பல்களோடு ஆண்ட்ரோஸ் தீவுக்குப் போய்ப் பணம் கேட்கிறார். எதிரி பக்கம் சாய்ந்தீர்களே, அதற்கு அபராதம் என்று பேச்சு. ஆனால் ஆசாமி பணத்தாசை பிடித்தவர் என்று வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் பச்சையாகவே எழுதுகிறார். வசூலுக்கும் தெய்வத்தைத்தான் துணைக்குக் கூப்பிட்டார். "எங்களோடு இரண்டு பெரிய தெய்வங்கள் வந்திருக்கின்றன, ஒன்று இணங்கவைப்பது, இன்னொன்று கட்டாயம், அதனால் கொடுத்தே ஆக வேண்டும்." இதைக் கேட்கும்போது மாரத்தான் நெமெசிஸ் எங்கே போயிருந்தாள் என்று தெரியவில்லை.

ஆண்ட்ரோஸ்காரர்கள் சளைத்தவர்களா என்ன? "எங்கள் ஊரிலும் இரண்டு தெய்வங்கள் உண்டு, வறுமையும் வக்கின்மையும். உதவாக்கரைத் தெய்வங்கள், ஆனால் எங்களை விட்டுப் போகவே மாட்டேன் என்கின்றன. அதனால் காசு கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். ஏதென்ஸின் பலத்தைவிடத் தங்கள் இல்லாமை பெரியது என்று வேறு சேர்த்துக்கொண்டார்கள். முற்றுகை போட்டும் தீவு விழவில்லை. இன்னொரு தீவான பாரோஸ் பயந்துபோய்ப் பணத்தை எடுத்து நீட்டியது.